கணக்கு எழுதப் போகிறவர்களுக்கு

சிலமலை, ராசிங்காபுரம், போடிநாயக்கனூர் வட்டாரத்தில் வணிகவியலும் பொருளியலும் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு,



உங்களில் சிலர் படிப்பை முடிக்கும் முன்பே ஏலக்காய்க் கடைகளில் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டீர்கள். சிலர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. பதிவுகள் போடுகிறீர்கள். இன்னும் சில ஆண்டுகளில் வங்கி, கூட்டுறவுச் சங்கம், வருவாய்த் துறை என்று பரவிப் போவீர்கள். இந்த வட்டாரத்தின் நிலமும் சரக்கும் கூலியும் உங்கள் கை வழியாகத்தான் ஏட்டில் ஏறப்போகின்றன. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

கொஞ்ச காலமாக நம் பிள்ளைகள் வாயில் இரண்டு பேச்சு அடிபடுகிறது. ஒன்று: "ஹிட்லர் கொடூரன்தான், ஆனா நாட்டோட பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்திட்டான்ல? நமக்கும் அப்படி ஒருத்தன் வேணும்." இன்னொன்று: "நம்ம நேதாஜியே அவனைத் தேடித்தானே போனாரு?" நேதாஜியின் ஃபார்வர்டு பிளாக் கட்சி வேர் பிடித்த மண் இது. நேதாஜி படம் மாட்டிய வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அதனால் இரண்டாவது பேச்சு இங்கே கூடுதலாக எடுபடுகிறது.

இந்த இரண்டு பேச்சுக்கும் ஒரே ஆளுடைய வாழ்க்கையில் பதில் இருக்கிறது. அவர் பெயர் வில்ஹெல்ம் கெப்லர். கோரிங், கோயபல்ஸ், ஹிம்லர் என்ற பெயர்களை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கெப்லர் அவர்களுக்குக் கீழே, இரண்டாம் வரிசையில் இருந்தவர். மேடையில் முழங்கியவர் அல்லர். கட்சியின் பொருளாதார விவகாரங்களைப் பார்த்தவர். கோப்பும் கையெழுத்தும் தொலைபேசியுமாகக் காலம் கழித்தவர். நீங்கள் நாளை உட்காரப் போகும் நாற்காலி போன்ற ஒரு நாற்காலியில் இருந்தவர் என்பதால்தான் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1882இல் ஹைடல்பர்க் நகரில் பிறந்த கெப்லர், பொறியியல் படித்தவர். எபர்பாக் என்ற சிற்றூரில் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் பங்குதாரராக இருந்தார். பெரிய முதலாளி என்று சொல்ல முடியாது. 1927இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அப்போது அது தேர்தலில் பெரிதாக எதையும் பெறாத கட்சி. 1932இல் ஹிட்லர் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்: நாளை ஆட்சிக்கு வரும்போது நமக்குப் பயன்படக்கூடிய தொழிலதிபர்களையும் வங்கிக்காரர்களையும் சேர்த்துக் கொடு. கெப்லர் சேர்த்துக் கொடுத்தார். ஜெர்மன் மைய வங்கியின் முன்னாள் தலைவர் யால்மர் ஷாக்ட், கொலோன் நகர வங்கியாளர் குர்ட் ஃபான் ஷ்ரோடர், உருக்காலை அதிபர் ஆல்பர்ட் ஃபோக்லர் போன்றவர்கள் அந்த வட்டத்தில் இருந்தார்கள். வரலாற்று நூல்கள் அதைக் 'கெப்லர் வட்டம்' என்றே குறிப்பிடுகின்றன.

1932 நவம்பர் தேர்தலில் நாஜிக் கட்சிக்கு இருபது லட்சம் வாக்குகள் குறைந்தன. நாடாளுமன்றத்தில் 230 இடம் 196 ஆனது. கட்சி கடனில் இருந்தது. மக்கள் கைவிடத் தொடங்கிய அந்த நேரத்தில்தான் கெப்லர் வட்டம் கைகொடுத்தது. ஹிட்லரைப் பிரதமராக்கும்படி குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்குக்கு நவம்பர் 19 அன்று ஒரு மனு போனது. 1933 ஜனவரி 4 அன்று, ஷ்ரோடருடைய கொலோன் வீட்டில் ஹிட்லரும் முன்னாள் பிரதமர் ஃபான் பாப்பெனும் கூடிப் பேசினார்கள். அந்தச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தவர்களில் கெப்லர் முக்கியமானவர். பேச்சு நடந்தபோது அவர் ஹிம்லரோடும் ஹிட்லரின் உதவியாளர் ஹெஸ்ஸோடும் இன்னோர் அறையில் காத்திருந்தார். அந்த மாதம் 30ஆம் தேதி ஹிட்லர் பிரதமரானார்.

"மக்கள் விரும்பித்தானே கொண்டுவந்தார்கள்" என்று சொல்பவர்களுக்கு இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள். மக்கள் ஆதரவு இறங்குமுகமாக இருந்தபோது ஒரு வரவேற்பறையில் பேசி முடிக்கப்பட்ட விவகாரம் அது. அடுத்த மாதம், பிப்ரவரி 20 அன்று, கோரிங்கின் மாளிகையில் சுமார் இருபத்தைந்து தொழிலதிபர்களை அழைத்துத் தேர்தல் நிதி கேட்டார்கள். ஷாக்ட் முன்னின்று திரட்டியது முப்பது லட்சம் மார்க். கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது என்ன? மே 2 அன்று ஜெர்மனியின் தொழிற்சங்க அலுவலகங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் புகுந்தார்கள். சங்கங்கள் கலைக்கப்பட்டன. தலைவர்கள் கைதானார்கள். சங்கச் சொத்து பறிபோனது. அதன் பிறகு கூலி பேச ஆளே இல்லை.

இப்போது அந்தப் 'பொருளாதார அதிசயத்தை' எடுத்துக்கொள்வோம். 1933 தொடக்கத்தில் ஜெர்மனியில் அறுபது லட்சம் பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை சரிந்தது என்பது உண்மை. எப்படிச் சரிந்தது என்பதை வணிகவியல் படிப்பவர்கள் நீங்கள்தான் பார்க்க வேண்டும். மீண்டும் மைய வங்கித் தலைவரான ஷாக்ட் 'மெஃபோ' என்ற பெயரில் ஒரு பொம்மைக் கம்பெனியை உண்டாக்கினார். ஆயுதத் தொழிற்சாலைகள் அந்தக் கம்பெனியின் மேல் உண்டியல் எழுதின; மைய வங்கி அவற்றுக்குப் பின்னால் நின்றது. அரசின் வரவு செலவுத் திட்டத்தில் அந்தக் கடன் தென்படாது. 1938க்குள் அப்படி எழுதப்பட்ட தொகை 1,200 கோடி மார்க். 1935இல் கட்டாய ராணுவ சேவை வந்தது. லட்சக்கணக்கான இளைஞர்கள் வேலையில்லாதோர் பட்டியலிலிருந்து படைமுகாமுக்குப் போனார்கள். பெண்களை வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். யூதர்களைப் பதவிகளிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவர்கள் வேலையில்லாதவர் கணக்கில் ஏறவில்லை. அவர்களுடைய இடத்தில் வந்தவர்கள் வேலை பெற்றவர் கணக்கில் ஏறினார்கள். ஆயுதம் செய்ய வாங்கிய கடனை எதை விற்று அடைப்பது? ஆயுதம் விளையாது, காய்க்காது. அடுத்தவன் நாட்டுத் தங்கத்தையும் தானியத்தையும் எடுத்தால்தான் அந்தக் கணக்கு நேராகும். கடன் எல்லை மீறிவிட்டது என்று எச்சரித்த ஷாக்டையே 1939 ஜனவரியில் மைய வங்கியிலிருந்து நீக்கினார்கள். எட்டு மாதத்தில் போர் தொடங்கியது.

எடுத்துக்கொள்ளும் அந்த வேலையில் கெப்லர் எங்கே இருந்தார் என்று பாருங்கள்.

1938 மார்ச் 11 அன்று அவர் வியன்னாவில் இருந்தார். ஆஸ்திரிய அரசைப் பணியவைக்க அனுப்பப்பட்டிருந்தார். அன்றிரவு பெர்லினிலிருந்து கோரிங் தொலைபேசியில் ஒரு தந்தியின் வாசகத்தைச் சொல்லச் சொல்லக் கெப்லர் குறித்துக்கொண்டார். ஆஸ்திரியாவில் கலவரம், உடனே ஜெர்மன் படையை அனுப்புங்கள் என்று ஆஸ்திரியாவின் நாஜி ஆதரவுத் தலைவர் சைஸ்-இன்குவார்ட் கேட்பதுபோல அந்தத் தந்தி. அவர் அதை அனுப்பக்கூட வேண்டியதில்லை, 'சம்மதம்' என்று சொன்னால் போதும் என்றார் கோரிங். சற்று நேரத்தில் சம்மதம் கிடைத்துவிட்டதாகக் கெப்லர் தெரிவித்தார். மறுநாள் ஜெர்மன் படை எல்லை தாண்டியது. இந்தத் தொலைபேசிப் பேச்சுகள் எழுத்தில் பதிவாகியிருந்ததால் பின்னாளில் நூரம்பர்க் நீதிமன்றத்தில் சான்றாக வந்தன. ஒரு நாடு இன்னொரு நாட்டை விழுங்கியதற்கான 'அழைப்பை' எழுதி வாங்கியவர் ஒரு பொருளாதார ஆலோசகர்.

அடுத்த சில மாதங்கள் வியன்னாவில் நடந்ததுதான் உங்கள் பாடத்துக்கு மிக நெருக்கமானது. ஏப்ரல் 26 அன்று ஓர் ஆணை வந்தது. ஐயாயிரம் மார்க்குக்கு மேல் சொத்துள்ள ஒவ்வொரு யூதரும் தம் சொத்தைப் பதிவு செய்ய வேண்டும். கெடு ஜூன் 30. அதற்கென அச்சிட்ட படிவத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். விளைநிலமும் காடும் ஒரு பகுதி. வீடு மனை ஒரு பகுதி. தொழிலில் போட்ட மூலதனம் ஒரு பகுதி. பிறகு சேமிப்பு, பங்குகள், ஆயுள் காப்பீடு, ஓய்வூதியம், நகை, கலைப்பொருள். கடைசியில் கழிக்க வேண்டிய கடன்கள். நம் ஆடிட்டர் அலுவலகத்தில் நிரப்பும் சொத்துப் பட்டியலுக்கும் அதற்கும் அமைப்பில் பெரிய வேற்றுமை இல்லை. ஒவ்வொருவரும் தம் கையால் எழுதி, கூட்டிப் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஆஸ்திரியாவில் மட்டும் ஏறத்தாழ 48,000 படிவங்கள் சேர்ந்தன.

அவற்றை வாங்கி வைக்க மே மாதம் 'சொத்து மாற்ற அலுவலகம்' ஒன்றைத் திறந்தார்கள். அதன் தலைவர் வால்டர் ராஃபெல்ஸ்பெர்கர் என்ற பொறியாளர். நாஜிக் கட்சியில் மாவட்டத்துக்கு ஒருவராக இருந்த பொருளாதார ஆலோசகர்களில் அவரும் ஒருவர். யூதர் ஒருவர் தம் கடையை விற்பதானால் இந்த ஆலோசகரின் ஒப்புதல் வேண்டும். விலையைத் தீர்மானிப்பவர் விற்பவர் அல்லர், வாங்குபவர்கூட அல்லர், அலுவலகம். கடைக்குப் பல தலைமுறையாகச் சேர்ந்த நற்பெயருக்கு விலை கிடையாது. தராசு, மேசை, சரக்கு இவற்றுக்கு மட்டும், அதுவும் அடிமட்ட விலை. அந்தப் பணமும் விற்றவர் கைக்கு வராது. முடக்கப்பட்ட கணக்கில் போய் உட்காரும். நாட்டைவிட்டுப் போக வேண்டுமானால் சொத்தில் கால் பங்கு 'வெளியேறும் வரி'. அந்த ஆண்டு நவம்பரில் யூதர்களின் கோவில்களையும் கடைகளையும் கொளுத்திவிட்டு, அதற்கு அபராதமாக யூதர்களிடமே 100 கோடி மார்க் வசூலித்தார்கள். உடைந்த கண்ணாடிக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தர வேண்டிய பணத்தையும் அரசே எடுத்துக்கொண்டது. வியன்னாவின் ஆயிரக்கணக்கான யூதக் கடைகளும் பட்டறைகளும் ஒன்றரை ஆண்டுக்குள் இல்லாமல் போயின. பெரும்பாலானவை கைமாறவே இல்லை, மூடப்பட்டன. ஆகவே ஊரில் தொழில் வளர்ந்தது என்பதும் பொய்.

நம் ஊர் ஏலக்காய் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கிறது. லாட்டு எண் வரும்போது மாதிரிக் காயைத் தட்டில் கொட்டிப் பார்க்கிறார்கள். நிறம், பருமன், உள்ளிருக்கும் அரிசியின் கருமை எல்லாம் பார்த்து வியாபாரிகள் கணினியில் விலை கேட்கிறார்கள். அன்றைய தாளில் வந்த சரக்கு, விற்ற சரக்கு, உச்ச விலை, சராசரி விலை என்று நான்கு எண்கள். 2019இல் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட உச்ச விலையை எல்லோரும் இன்னும் பேசுகிறார்கள். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது முதல் இரண்டு எண்களை. வந்தது ஒன்று, விற்றது அதைவிடக் குறைவு என்று இருக்கும் நாட்கள் உண்டு. விலை கட்டாவிட்டால் தோட்டத்துக்காரர் "கொடுக்க மாட்டேன்" என்று லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நம் சந்தையில் சிறு விவசாயிகளுக்குக் குறைகள் பல உண்டு. அவற்றைப் பேசத்தான் வேண்டும். ஆனாலும் 'கொடுக்க மாட்டேன்' என்று சொல்ல முடிகிற வரை அது வியாபாரம். 1938இல் வியன்னாவில் அந்தச் சொல்லைச் சொல்ல யூதருக்கு வழியில்லை. ரசீது இருந்தது, முத்திரை இருந்தது, மதிப்பீட்டு அறிக்கை இருந்தது. எல்லாம் முறைப்படி இருந்தன. நடந்தது கொள்ளை. முறைப்படி எழுதப்பட்ட கொள்ளையை அடையாளம் காண ஒரு கணக்கரால்தான் முடியும். அதனால் அதைத் தடுக்கும் முதல் பொறுப்பும் அவருடையது.

போர் தொடங்கியபின் கெப்லர் இதையே இன்னும் பெரிய அளவில் செய்த ஒரு நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவுக்குத் தலைவரானார். கிழக்கிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய ஜெர்மானியர்களுக்கு, போலந்துக்காரர்களிடமும் யூதர்களிடமும் பறித்த வீடு, வயல், பட்டறைகளைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக் கொடுத்த அறக்கட்டளை நிறுவனம் அது. அந்த ஏடுகளில் 'விட்டுவந்த சொத்து', 'ஈடு கொடுத்த சொத்து' என்று இரண்டு பக்கமும் நேராகக் கூட்டி வரும். அந்த வீட்டில் அதற்கு முன் யார் குடியிருந்தார், எங்கே போனார் என்பதற்கு ஒரு பத்தியும் கிடையாது.

அவர் 1932இல் சேர்த்த நண்பர் வட்டமும் வளர்ந்தது. ஆட்சிக்கு வந்தபின் அது ஹிம்லரின் நண்பர் வட்டமாக மாறியது. 1936இல் அதன் உறுப்பினர்களை ஹிம்லர் டாஹவ் வதைமுகாமுக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக் காட்டினார். பார்த்துவிட்டு வந்த பெரிய மனிதர்களில் பலர் தொடர்ந்து பணம் கொடுத்தார்கள். ஷ்ரோடரின் வங்கியில் 'எஸ்' என்ற தனிக் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் பத்து லட்சம் மார்க் போய்ச் சேர்ந்தது. வட்டத்தின் காரியங்களை நடத்திய ஃபிரிட்ஸ் கிரானெஃபுஸ், கெப்லரின் உறவினர்.

அந்தக் கிரானெஃபுஸ் இயக்குநராக இருந்த 'பிராபாக்' என்ற கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டு எண்ணெயை நம்பாமல் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்க வேண்டும் என்று 1934இல் நிலக்கரி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்திச் சேர்த்து உண்டாக்கிய கம்பெனி அது. உள்நாட்டு மூலப்பொருள் திட்டங்களில் ஹிட்லரின் ஆளாக இருந்தவர் கெப்லர். 'சுயசார்பு' என்று இன்றும் சிலர் மெச்சுவது இதைத்தான். 1944இல் அந்தக் கம்பெனியின் சைட்ஸ் தொழிற்சாலை குண்டுவீச்சில் சேதமானபோது, சீர்செய்ய பூகன்வால்ட் முகாமிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள். இம்ரே கெர்டெஸ் என்ற புடாபெஸ்ட் பையன் அவர்களில் ஒருவன். பிடித்துப் போனபோது அவனுக்கு வயது 14. உயிர் தப்பி ஊர் திரும்பிய அந்தப் பையன்தான் 2002இல் இலக்கிய நோபல் பரிசு பெற்றவர்.

கைதிகளுக்குக் கூலி உண்டா என்று கேட்பீர்கள். கணக்கில் உண்டு. சாதாரண வேலைக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 மார்க், கைத்தொழில் தெரிந்தவருக்கு 6 மார்க் என்ற அளவில் கம்பெனிகள் கொடுத்தன. பணம் ஹிம்லரின் எஸ்.எஸ். அமைப்புக்குப் போனது. வேலை செய்தவர் கைக்கு ஒரு காசும் போகவில்லை. ஆட்கணக்கு எழுதியவருடைய ஏட்டில் நாள், தலை எண்ணிக்கை, விகிதம், தொகை எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. செத்தவர் மறுநாள் எண்ணிக்கையில் குறைந்தார், அவ்வளவுதான். ஹிட்லர் வேலை கொடுத்தார் என்று சொல்பவர்களிடம், கூலி யார் கைக்குப் போனது என்று கேளுங்கள்.

இனி நேதாஜி.

1941 ஏப்ரலில் ஆப்கானிஸ்தான், மாஸ்கோ வழியாக அவர் பெர்லின் வந்து சேர்ந்தார். இந்திய விவகாரத்தைப் பார்க்க ஜெர்மன் வெளியுறவு அமைச்சகத்தில் தனிப்பிரிவு ஒன்று ஏற்பட்டது. அதற்கு மேலதிகாரியாக இருந்தவர் நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே கெப்லர். வியன்னா வேலைக்குப் பிறகு அவர் வெளியுறவு அமைச்சகத்தில் செயலராகியிருந்தார். அந்த ஆண்டு நவம்பரில் சுதந்திர இந்திய மையம் தொடங்கியது. அதன் வானொலி தமிழிலும் பேசியது. இவை நாம் பெருமைப்படும் செய்திகள்தாம். அந்த மையத்தில் உழைத்த இந்தியர்கள் தங்கள் நாட்டு விடுதலைக்காக உழைத்தார்கள்.

நேதாஜி நாஜிகளைப் பற்றி என்ன நினைத்தார் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. 1936 மார்ச்சில், ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் முன், ஜெர்மன் அகாதமியைச் சேர்ந்த டாக்டர் தியர்ஃபெல்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மனியின் புதிய தேசியம் குறுகியது, சுயநலமானது, ஆணவம் பிடித்தது என்ற முடிவோடு நாடு திரும்புவதாக அதில் சொன்னார். இந்தியர்களை இழிவாகப் பேசும் இனவெறியைக் கண்டித்தார். 1942 மே மாதம் ஹிட்லரை நேரில் சந்தித்தபோதும், இந்திய விடுதலைப் போராளிகளை மட்டம் தட்டி 'மெய்ன் காம்ப்' நூலில் எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டார். கெப்லரும் உடனிருந்த சந்திப்பு அது. இந்தியாவின் விடுதலையை அங்கீகரித்து ஓர் அறிவிப்பு வேண்டும் என்பதே நேதாஜியின் கோரிக்கை. ஹிட்லர் கொடுக்கவில்லை. 1943 பிப்ரவரியில் நேதாஜி நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே புறப்பட்டார். மலாயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள்தான் அவருக்குப் பிள்ளைகளையும் தாலிப் பொன்னையும் கொடுத்தார்கள். நேதாஜிக்கு யார் துணை நின்றார்கள் என்று கேட்டால் அந்தத் தோட்டத் தொழிலாளிகளைச் சொல்லுங்கள்.

அதே இந்தியப் பிரிவில் கெப்லருக்குக் கீழே இன்னொருவர் வேலை பார்த்தார். ஆடம் ஃபான் ட்ராட். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த வழக்கறிஞர். நேதாஜியின் மையத்துக்கான அன்றாடக் காரியங்களைக் கவனித்தவர். கெப்லர் கையெழுத்திட்ட கோப்புகள் அவர் கைக்கும் வந்தவைதாம். அவர் ஹிட்லரை வீழ்த்தும் சதியில் சேர்ந்தார். 1944 ஜூலை 20 முயற்சி தோற்றபின் பிடிபட்டு, ஆகஸ்ட் 26 அன்று பெர்லினின் ப்ளோட்சன்சே சிறையில் தூக்கிலிடப்பட்டார். வயது 35. கெப்லரோ 1942இலேயே எஸ்.எஸ். அமைப்பில் ஜெனரலுக்கு இணையான பதவிக்கு உயர்ந்திருந்தார். "உத்தரவு வந்தது, நான் என்ன செய்ய முடியும்?" என்ற சாக்கு எவ்வளவு பொய் என்பதற்கு இந்த ஒரே அலுவலகம் போதும்.

கெப்லர் கதை எப்படி முடிந்தது? நூரம்பர்க்கில் அமைச்சக அதிகாரிகள் மீது நடந்த வழக்கில் 1949 ஏப்ரலில் அவருக்குப் பத்தாண்டு சிறை. ஆஸ்திரியாவை விழுங்கிய ஆக்கிரமிப்பில் பங்கும், எஸ்.எஸ். உறுப்பினராக இருந்ததும் அவர்மீது உறுதியான குற்றங்களில் அடங்கும். பனிப்போர் சூடுபிடிக்க, தண்டனைகள் குறைக்கப்பட்டன. 1951 பிப்ரவரியில் அவர் வெளியே வந்துவிட்டார். 1960இல் 77 வயதில் இயற்கையாகச் செத்தார். ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் திரும்பவே இல்லை. சட்டம் காலம் கடந்து வந்தது, வந்தும் முழுதாக நிற்கவில்லை. ஆகவே சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு எழுதுகிறவர் பேனாவை ஒப்படைத்துவிட முடியாது.

இதெல்லாம் ஐரோப்பாவில் நடந்தது, நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு கப்பலேறிய தமிழ்க் குடும்பங்கள் நம் மாவட்டங்களில் இன்றும் உண்டு. கடையையும் நிலத்தையும் அரசு எழுதி எடுத்துக்கொண்டபின் வந்தவர்கள் அவர்கள். 1990 அக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியது தமிழ் இயக்கம். நகையையும் பணத்தையும் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். அதையும் நாம் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் முற்றியபோது, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் கைக்குக் கிடைத்ததோடு மலையிறங்கி ஓடிவந்தது உங்கள் வீட்டு மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கீழே நம் பக்கத்தில் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டதும் நினைவிருக்கும். அந்த வாரங்களில் இரண்டு பக்கமும் பயம் இருந்தது. நல்ல வேளையாக, பட்டியல் எடுத்து விலை வைக்க எந்த அலுவலகமும் கிளம்பவில்லை. கிளம்பியிருந்தால் நிரப்ப ஆட்கள் கிடைத்திருப்பார்கள். உங்கள் வயதில் படித்த, கணக்குத் தெரிந்த ஆட்கள்.

அதனால் உங்களிடம் நான் கேட்பவை சில.

சாதி, மதம், மொழி பார்த்து ஒரு பகுதி மக்களின் சொத்தையோ கடையையோ மட்டும் தனியாகப் பட்டியல் எடுக்கச் சொன்னால், எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராமல் பேனாவைத் திறக்காதீர்கள். ஒரு கிரயத்தை எழுதும்போது விற்பவருக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வழி இருந்ததா என்று பாருங்கள். கடன் நெருக்கி, ஆள் வைத்து மிரட்டி எழுதி வாங்கும் நிலம் நம் அடிவாரத்திலும் உண்டு. கூலிக் கணக்கில் தொகை சரியாக இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அது உழைத்தவர் கைக்குப் போகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதை இன்றைக்கே தொடங்கலாம். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து போடிமெட்டு ஏறி, காய் எடுக்கப் போகும் பெண்கள் உங்கள் அம்மாவும் அத்தையும் சித்தியும்தான். எத்தனை நாள் வேலை, என்ன கூலி, எவ்வளவு முன்பணம் பிடித்தம் என்ற கணக்கு கங்காணியின் நோட்டில் இருக்கிறது, அவர்கள் கையில் பெரும்பாலும் இல்லை. நீங்கள் அவர்களுக்கு ஒரு நோட்டுப் போட்டு எழுதிக் கொடுங்கள். நாள், தோட்டம், நேரம், கூலி, பிடித்தம் என்று ஐந்து பத்தி போதும். வாரக் கடைசியில் கங்காணி நோட்டோடு ஒத்துப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அம்மாவோடு சேர்ந்து போய்க் கேளுங்கள். கல்லூரியில் பத்துப் பேர் சேர்ந்தால் தெருவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஹிட்லரின் பொருளாதாரத்தைப் பற்றி அடுத்த முறை யாராவது வியந்து பேசினால், சண்டை போட வேண்டாம். மெஃபோ உண்டியலிலிருந்து வியன்னாப் படிவம் வரை நீங்கள் படித்த பாடத்தின் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள். கணக்குத் தெரிந்தவர் சொன்னால் கேட்பார்கள்.

அன்புடன்,
சிலமலையில் வாழும் உங்கள் மூத்த கணக்கர் ஒருவர்